இணையத் தொலைபேசியில் அவசர அழைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இணையத் தொலைபேசி அமைத்துக் கொடுப்பது என் வேலை. கட்டணம், நம்பர், குரல் தெளிவு என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுவார்கள். ஆபத்து என்றால் இந்தப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியுமா என்பதை மட்டும், வேலையெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போதுதான் யாராவது கேட்பார்கள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இணையத் தொலைபேசின்னா எது? எங்க வீட்டுல இருக்கிறது அதுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குரல் பழைய தொலைபேசிக் கம்பியிலோ செல்பேசி டவரிலோ போகாமல் இன்டர்நெட் வழியாகப் போனால் அது இணையத் தொலைபேசி. விஓஐபி என்றும் சொல்வார்கள். போன் வயர் எங்கே போய்ச் செருகியிருக்கிறது என்று பாருங்கள். ரவுட்டரின் பின்பக்கமோ, ஃபைபர் பெட்டியிலோ, அவற்றோடு சேர்ந்த சின்ன அடாப்டரிலோ இருந்தால் உங்களுடையது இணையத் தொலைபேசிதான். மேசை மேல் இருப்பது இருபது வருடப் பழைய போன் என்றாலும் அப்படித்தான்.

இதில் மூன்று வகை உண்டு. வீட்டு இன்டர்நெட்டோடு சேர்த்துத் தரப்படும், அந்த ஒரு முகவரிக்கு மட்டுமான இணைப்பு ஒன்று. எங்கே எடுத்துப் போனாலும் அதே நம்பரில் வேலை செய்யும் அடாப்டர் அல்லது கணினி மென்பொருள் இரண்டாவது. வாட்ஸ்அப் மாதிரியான செயலிகள் மூன்றாவது. அவசர அழைப்பு என்று வரும்போது இந்த மூன்றும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். கீழே வரும் பதில்களைப் படிக்கும்போது உங்களுடையது எந்த வகை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்ல 112 போட்டா போகுமா?

போகாது. அந்த மாதிரிச் செயலிகள் அதே செயலியை வைத்திருக்கும் இன்னொருவரோடுதான் உங்களை இணைக்கும். அவசர சேவைகளுக்கு வழி தருவதில்லை என்று வாட்ஸ்அப் தன் சேவை விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆபத்து நேரத்தில் செயலியை மூடிவிட்டு, போனில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண டயலரைத் திறந்து எண்ணை அழுத்துங்கள்.

இதைக் குழந்தைகளுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும். தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் மட்டுமே பேசி வளரும் பிள்ளைகளுக்கு, போன் செய்வது என்றாலே படத்தைத் தொடுவதுதான். எண்ணை அழுத்தும் பலகை எங்கே இருக்கிறது, போன் பூட்டியிருந்தாலும் திரையில் வரும் அவசர அழைப்புப் பட்டன் எது என்று காட்டிக் கொடுங்கள். காட்டினால் போதாது, அவர்களையே ஒரு முறை அந்தத் திரை வரை போகச் சொல்லுங்கள். அழைப்பு மட்டும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்லைன்ல கூப்பிட்டா வாயே திறக்கலைன்னாலும் வந்துடுவாங்கன்னு சொல்வாங்களே, இதுல ஏன் அது முடியாது?

இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். மற்றக் குறைகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

பழைய லேண்ட்லைனில் உங்கள் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே ஒரு சோடிச் செம்புக் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பி எந்த வீட்டில் போய் முடிகிறது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். அவசர எண் அழுத்தப்பட்டதும் அவசர அழைப்புகளை எடுக்கும் எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். அதற்கான வசதி உள்ள நாடுகளில் எதிர்முனையில் இருப்பவரின் திரையில் முகவரியும் வந்துவிடும். கம்பியை யாரும் பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு எடுத்துப் போக முடியாதே.

இணையத் தொலைபேசியில் அந்தக் கட்டு அறுந்துவிட்டது. வீட்டு இன்டர்நெட்டோடு சேர்ந்து வரும் முதல் வகையைத் தவிர மற்றவற்றில், உங்களுக்கு இன்டர்நெட் தருபவர் ஒருவர், நம்பர் தருபவர் இன்னொருவர். இன்டர்நெட் தருபவருக்கு உங்கள் வீடு எது என்று தெரியும், ஆனால் நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பது அவர் கவனிக்கிற விஷயம் இல்லை. நம்பர் தருபவருக்கு நீங்கள் அவசர எண்ணை அழுத்தியது தெரியும், ஆனால் எங்கிருந்து என்பது தெரியாது. அவரிடம் வந்து சேர்வது ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். அதை வைத்து ஊரை ஓரளவு ஊகிக்கலாம், வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய சர்வரே வேறு நாட்டில் இருக்கலாம். உங்கள் குரல் போய்ச் சேரும், நீங்கள் இருக்கும் இடம் கூடவே போகாது.

இணைப்பு வாங்கும்போதே முகவரி எழுதிக் கொடுத்தோமே, அது போதாதா?

நீங்கள் அங்கேயே இருக்கும் வரை போதும். அவசர அழைப்பு வந்தால் எந்த முகவரியைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நிறுவனங்கள் ஒரு முகவரியைப் பதிந்து வைக்கின்றன. பில் அனுப்பும் முகவரி வேறு, இது வேறு. பல நிறுவனங்களின் கணக்குப் பக்கத்தில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

2008 ஏப்ரலில் கனடாவின் கல்கரியில் ஒரு குடும்பம் ஒன்றரை வயதுக் குழந்தைக்காக இணையத் தொலைபேசியில் 911ஐ அழைத்தது. அவர்கள் முன்பு குடியிருந்தது மிசிசாகாவில். ஆம்புலன்ஸ் அந்தப் பழைய முகவரிக்குப் போனது, நாட்டின் மறுபக்கத்தில். குழந்தை பிழைக்கவில்லை. இடம்விட்டு இடம் எடுத்துப் போகும் இணையத் தொலைபேசியில் இருந்து வரும் அழைப்பு கனடாவில் முதலில் ஒரு இடைநிலை மையத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் இடத்தைக் கேட்டுக்கொண்டு உரிய கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிடுவார். அழைத்தவரிடமிருந்து இடம் கிடைக்கவில்லை என்றால் மிஞ்சுவது பதிவில் இருக்கும் முகவரிதான். அந்தப் பதிவு பழையதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

போன மாசம் வீடு மாறினோம். அடாப்டரை இங்கே செருகினதும் பழைய நம்பரே வேலை செய்யுது. வேற ஒண்ணும் செய்யத் தேவையில்லையே?

தேவை இருக்கிறது, இன்றைக்கே. செருகியதும் வேலை செய்வதுதான் இதில் ஆபத்தே. போன் அடிக்கிறது, பேச முடிகிறது, மாற்ற வேண்டியது ஏதோ பாக்கி இருக்கிறது என்று எதுவும் நினைவூட்டாது. கணக்கில் நுழைந்து அவசர முகவரியை மாற்றுங்கள். மாடி எண், கதவு எண், கட்டடத்தின் பெயர் எல்லாம் சேருங்கள். மாற்றம் கட்டுப்பாட்டு அறை பார்க்கும் பதிவேட்டில் ஏறச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். உறுதிச் செய்தி வரும் வரை இந்தப் போனை அவசரத்துக்கு நம்ப வேண்டாம். விடுமுறைக்கு அடாப்டரை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே பதில்.

கரண்ட் போனா இந்தப் போன் வேலை செய்யுமா?

தானாகச் செய்யாது. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரிகளும் ஜெனரேட்டரும் இருந்தன. ஊர் முழுக்க இருட்டாக இருந்தாலும் போனில் டயல் டோன் கேட்டதற்குக் காரணம் அதுதான். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஆகவே ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர், கம்பியில்லாத போன் என்றால் அதன் அடித்தளம், இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். நான்கில் ஒன்று அணைந்தாலும் போன் இல்லை.

பல நாடுகள் செம்புக் கம்பி வலையையே மூடிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் 2027 ஜனவரி வரை கெடு வைத்திருக்கிறார்கள். அங்கே செல்பேசி சிக்னலும் இல்லாமல் இந்த இணைப்பை மட்டுமே நம்பியிருக்கும் வீடுகளுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனங்களிடம் சொல்லியிருக்கிறது. ஒரு மணி நேரம் போதாது என்பது என் கருத்து. புயல் இரவில் மின்சாரம் ஒரு மணி நேரத்தில் திரும்புவதில்லை.

எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. அப்ப கவலையில்லைதானே?

ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டரில் ஓட, ரவுட்டர் மட்டும் வேறு பிளக்கில் இருப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கரண்ட் மாறும் அந்த நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் போன் திரும்பிவர சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியை ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் அடைத்துவிடும்.

உங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும், தெருமுனைப் பெட்டியிலோ கேபிள் நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயரிலோ பேட்டரி தீர்ந்தால் இன்டர்நெட் நின்றுவிடும். அதை நீங்கள் எதுவும் செய்ய முடியாது. சார்ஜ் உள்ள செல்பேசி ஒன்று வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

கூப்பிட்டுட்டு இருக்கும்போதே லைன் கட்டாயிடுச்சுன்னா?

சாதாரணமாகக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் உங்களைத் திரும்ப அழைப்பார். அதற்கு அவர் திரையில் சரியான நம்பர் வந்திருக்க வேண்டும். வெளியே கூப்பிட மட்டும் பயன்படும் சில சேவைகளில் எதிர்முனையில் தெரியும் நம்பருக்குத் திரும்ப அழைத்தால் யாருக்கும் மணி அடிக்காது. உங்கள் சேவையில் எந்த நம்பர் தெரிகிறது என்பதை ஒரு நண்பரை அழைத்தும், அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லியும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் நெரிசலும் ஒரு காரணம். குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. யாரோ பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தால் பொட்டலங்கள் தாமதமாகும், சில தொலைந்துபோகும், முகவரியின் நடுவில் ஒரு எண் விழுங்கப்படும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருந்தால் போட்டு வையுங்கள். ஆனால் அந்த முன்னுரிமை உங்கள் ரவுட்டரோடு முடிந்துவிடும். வெளியே பொது இணையத்தில் உங்கள் அவசர அழைப்பும் பக்கத்து வீட்டுச் சினிமாவும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

என் மொபைல்ல வைஃபை காலிங் ஆன்ல இருக்கு. அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். அவசர எண்ணை அழுத்தினால் போன் முதலில் டவரைத் தேடும். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லை என்றால் பெரும்பாலான நாடுகளில் எந்த நிறுவனத்தின் டவர் எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அவசர எண்ணுக்கு மட்டும் உள்ள சலுகை அது. எந்த டவரும் இல்லாத போதுதான் வைஃபை வழியை முயலும். அப்போது மேலே சொன்ன முகவரிச் சிக்கல் திரும்ப வருகிறது. வைஃபை காலிங்கை ஆன் செய்யும்போது சில போன்கள் அவசர முகவரி ஒன்றைக் கேட்பது இதற்காகத்தான். அவசரமாகத் தாண்டிப் போகாமல் சரியாக நிரப்புங்கள், வீடு மாறினால் மாற்றுங்கள். வைஃபை வழியாக அவசர எண்ணையே அனுப்பாத நிறுவனங்களும் உண்டு, உங்களுடையதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன்ல ஜிபிஎஸ் இருக்கு. சாப்பாடு கொண்டுவர்றவருக்கே நான் எங்க இருக்கேன்னு தெரியுது, ஆம்புலன்ஸுக்கு ஏன் தெரியாது?

நியாயமான கோபம். போனுக்கு இடம் தெரியும். அதைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் எல்லா இடத்திலும் இல்லை. ஏஎம்எல் என்று ஒரு முறை இருக்கிறது. அவசர எண்ணை அழுத்தியதும் போனே தன் இடத்தைக் கணித்துப் பின்னணியில் அனுப்பிவிடும். 2014இல் பிரிட்டனில் தொடங்கியது. ஆண்ட்ராய்டில் 2016 முதலும் ஐபோனில் 2018 முதலும் இந்த வசதி உண்டு, ஏற்றுக்கொண்ட நாடுகளில் மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்கள் இடத்தை இப்படி அனுப்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது 2022 மார்ச் முதல் கட்டாயம்.

ஆனால் இது வேலை செய்வது சாதாரண டயலரில் அழைத்தால்தான். இணையத் தொலைபேசிச் செயலிக்குள் எண்ணை அழுத்தினால் போனின் அந்த ஏற்பாடு விழித்துக்கொள்ளாது. ஒரே கையில், ஒரே போனில், ஒரு வழியில் அழைத்தால் இடம் போகும், இன்னொரு வழியில் அழைத்தால் போகாது. செயலியை விட்டு வெளியே வாருங்கள் என்று வாட்ஸ்அப் கேள்வியில் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இணையத் தொலைபேசிக்கும் இடத்தைச் சேர்த்து அனுப்பும் முறைகள் வகுக்கப்பட்டுவிட்டன. ஓர் இடத்தைக் கொடுத்தால் அதற்கு உரிய கட்டுப்பாட்டு அறை எது என்று சொல்லும் ஏற்பாட்டை, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2008லேயே வெளியிட்டது. எழுதப்பட்ட தரம் ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையிலும் கருவியாக மாறுவதற்குத்தான் இத்தனை வருடம் பிடிக்கிறது.

விபிஎன் போட்டிருந்தா?

விபிஎன் என்பது உங்கள் இணையத் தொடர்பை வேறோர் இடத்து சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை. அதனால் இடம் இன்னும் மோசமாகக் குழம்பும். ஐபி முகவரியை வைத்து ஊரையாவது ஊகிக்கலாம் என்று சொன்னேன் அல்லவா, விபிஎன் அந்த ஊகத்தையும் வேறு ஊருக்கோ நாட்டுக்கோ திருப்பிவிடும். டயலரில் டவர் வழியாகப் போகும் அழைப்பை விபிஎன் பாதிக்காது.

ஆபீஸ் நம்பர் என் லேப்டாப்புல இருக்கு, வீட்டுலருந்துதான் வேலை பார்க்கிறேன். அதுல கூப்பிட்டா?

பெரும்பாலும் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குப் போகும். நூறு பேர் நூறு வீடுகளில் இருந்தாலும், நிறுவனத்தின் தொலைபேசி அமைப்பில் தலைமை அலுவலகத்தின் ஒரே முகவரி பதிந்திருக்கலாம். அமெரிக்காவில் அலுவலகத்துக்கு வெளியே இருந்து அழைப்பவரின் இடத்தையும் அனுப்ப வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி முதல் இருக்கிறது. உங்கள் ஐடி பிரிவிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: என் நீட்டிப்பு எண்ணிலிருந்து அவசர எண்ணை அழைத்தால் எந்த முகவரி போகும்? பதில் தெரியவில்லை என்றால் அதுவே பதில்.

அலுவலகத்திலும் ஓட்டலிலும் இன்னொரு தடை உண்டு. வெளியே கூப்பிட 9 அல்லது 0 அழுத்த வேண்டும் என்ற பழைய வழக்கம். 2013இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஓட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் 911ஐ மறுபடி மறுபடி அழுத்தினாள். முன்னால் 9 சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தாய் இறந்துவிட்டார். 2020 பிப்ரவரி 16 முதல் அமெரிக்காவில் புதிதாக அமைக்கும் இந்த மாதிரி அமைப்புகளில் 911 நேரடியாகப் போக வேண்டும் என்பது சட்டம். நீங்கள் எந்த நாட்டில் அலுவலகம் நடத்தினாலும் இதை இன்றே சரிசெய்யலாம். அமைப்பில் ஒரு வரி மாற்றம்தான்.

நான் வேற நாட்டுக்கு வந்துட்டேன், பழைய நாட்டு நம்பரை ஆப்ல வச்சிருக்கேன். அதுல இங்கத்த அவசர எண்ணைப் போடலாமா?

வேண்டாம். அந்த நம்பர் எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டு விதிப்படிதான் சேவை அழைப்பைக் கையாளும். எண் செல்லாது என்று வரலாம், அல்லது பழைய நாட்டின் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கலாம். அங்கே எடுப்பவரால் உங்களை இந்த நாட்டுக்கு மாற்றிவிட முடியாது. இருக்கும் நாட்டின் சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 112 என்பது செல்பேசி வலைகளுக்கான ஜிஎஸ்எம் தரத்திலேயே அவசர எண்ணாகச் சேர்க்கப்பட்டது. அதனால் உள்ளூர் எண் நினைவில் இல்லாவிட்டாலும் செல்பேசியின் டயலரில் 112 பெரும்பாலான இடங்களில் உங்களைக் கொண்டுசேர்க்கும்.

அம்மா வேற நாட்டுல தனியா இருக்காங்க. வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்துட்டாங்கன்னா நான் இங்கருந்து என்ன செய்யிறது?

குரல் நடுங்காமல் இதைக் கேட்டவர்கள் குறைவு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

108, 112, 911, 999 போன்ற குறுகிய எண்கள் ஒரு நாட்டின் வலைக்குள் மட்டுமே பொருள் உள்ளவை. நாட்டுக் குறியீட்டை முன்னால் சேர்த்து வெளியிலிருந்து அழுத்தினால் பொதுவாகப் போகாது. நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணை அழைத்தாலும் அவர்களிடம் அம்மா இருக்கும் நாட்டுக்கு இணைக்கும் வழி அநேகமாக இருக்காது. அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது முழு நீள நம்பர்கள். வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், நடந்து வரும் தூரத்தில் உள்ள உறவினர், அருகிலுள்ள மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் பிரிவு, உள்ளூர்க் காவல் நிலையத்தின் நேரடி எண். எல்லாவற்றையும் நாட்டுக் குறியீட்டோடு போனில் பதிந்து, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். கூடவே அம்மாவின் முழு முகவரி, அருகில் உள்ள அடையாளம், அவர் சாப்பிடும் மருந்துகள்.

அப்படி நேர்ந்தால் வீடியோ அழைப்பைத் துண்டிக்காதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று காட்டும் ஒரே சன்னல் அது. வேறொரு போனிலிருந்து முதலில் பக்கத்து வீட்டுக்காரரை அழையுங்கள். அவர் கதவைத் திறந்து உள்ளே போகட்டும், அங்கிருந்து தன் செல்பேசியில் உள்ளூர் அவசர எண்ணை அழைக்கட்டும். அவருடைய அழைப்பு சரியான கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், அவரால் வழி சொல்ல முடியும். நீங்கள் வெளிநாட்டிலிருந்து மருத்துவமனையோடு மல்லுக்கட்டுவதைவிட இது பல மடங்கு வேகம். இந்த நம்பர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்.

லிஃப்ட் போன், திருட்டு அலாரம், பெரியவங்க கழுத்துல மாட்டுற உதவி பட்டன் இதெல்லாம் லேண்ட்லைன்ல இருந்துச்சு. இப்ப ஃபைபருக்கு மாத்திட்டாங்க. வேலை செய்யுமா?

செய்யும் என்று சோதிக்காமல் நம்பக் கூடாது. பழைய கருவிகள் ஒலிச் சமிக்ஞைகளால் தங்கள் கண்காணிப்பு மையத்தோடு பேசுபவை. இணையத் தொலைபேசி மனிதக் குரலுக்காக ஒலியைச் சுருக்கும்போது அந்தச் சமிக்ஞைகள் சிதையலாம். குரல் தெளிவாகக் கேட்கும், ஆனால் பட்டனை அழுத்தினால் மையத்தில் எதுவும் பதிவாகாது. கருவி செய்த நிறுவனத்திடம் கேட்டு, இணைப்பு மாறிய அன்றே மையத்துக்குச் சொல்லிவிட்டு ஒரு சோதனை அழைப்பு விடுங்கள். கரண்ட் பற்றிச் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். பெரியவர்களின் பட்டனுக்கு மட்டுமாவது தனி சிம் உள்ள கருவியாக மாற்றிவிடச் சொல்வேன்.

எனக்குக் காது கேட்காது. போன்ல பேச முடியாது. எனக்கு இதுல என்ன வழி?

பழைய தட்டச்சுத் தொலைபேசிக் கருவிகளும் ஒலியால் வேலை செய்பவை, முந்தைய பதிலில் சொன்ன அதே சிதைவு இவற்றிலும் நேர்ந்து எழுத்துகள் பிறழும். உங்கள் நாட்டில் அவசர எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று விசாரியுங்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால்தான் அது வேலை செய்யும். அந்தப் பதிவை நலமாக இருக்கும் நாளிலேயே செய்துவிடுங்கள்.

வேலை செய்யுதான்னு அவசர எண்ணுக்கே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?

வேண்டாம். நீங்கள் சோதிக்கும் அந்த அரை நிமிடத்தில் இன்னொருவர் வரிசையில் காத்திருக்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 933 என்ற எண்ணைச் சோதனைக்காக வைத்திருக்கின்றன. அழைத்தால் பதிவில் உள்ள உங்கள் முகவரியைப் படித்துக் காட்டும். மற்ற இடங்களில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேரடிச் சோதனை தேவைப்படும் பெரிய அலுவலகங்கள், கட்டுப்பாட்டு அறையின் அவசரமில்லாத எண்ணில் முன்கூட்டியே பேசி நேரம் குறித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

பேலன்ஸ் தீர்ந்தாலும் மொபைல்ல அவசர எண் போகும்ல, இதுலயும் அப்படித்தானே?

இல்லை. கணக்கு முடங்கினால் உங்கள் கருவி நிறுவனத்தின் சர்வரில் பதிவாகவே செய்யாது. அழைப்பு வீட்டை விட்டு வெளியே போகாது. முன்பணம் கட்டிப் பேசும் சேவைகளில் இதைக் கவனியுங்கள்.

அவசரத்துக்குன்னு சிம் இல்லாத பழைய போன் ஒண்ணு மேசையில வச்சிருக்கேன். அது போதுமா?

நாட்டைப் பொறுத்தது. சிம் இல்லாத போனிலிருந்து வரும் அவசர அழைப்பை ஏற்கும் நாடுகள் பல. பிரிட்டனும் ஜெர்மனியும் ஏற்பதில்லை, விளையாட்டுக்காகச் செய்யும் பொய் அழைப்புகள் அளவுக்கு மீறிப் போனதுதான் காரணம்.

போனின் வயதும் முக்கியம். 2ஜி, 3ஜி வலைகள் நாட்டுக்கு நாடு மூடப்பட்டு வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது ஒரு விஷயம் வெளிவந்தது. சாதாரண அழைப்பை 4ஜியில் நன்றாகவே செய்யும் சில போன்கள், அவசர எண்ணை மட்டும் 3ஜியில் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட போன்களை வலையிலிருந்தே தடுக்க வேண்டியதாயிற்று. தினமும் பயன்படும், சிம் உள்ள போனே நம்பகமான அவசரப் போன்.

இவ்வளவு குறை இருக்கே, இதைச் சரிசெய்யச் சொல்லிச் சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, நாட்டுக்கு நாடு வேறுபடும். 2005 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டனில், வீட்டுக்குள் புகுந்தவர்கள் பெற்றோரைச் சுட்டபோது மகள் இணையத் தொலைபேசியில் 911ஐ அழைத்தாள். கேட்டது பதிவு செய்த குரல், இந்த வசதி இல்லை என்று. அந்த ஆண்டு மே மாதமே அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது: பொதுத் தொலைபேசி வலையோடு இணையும் சேவைகள் 911ஐப் பதிவு முகவரியோடு அனுப்ப வேண்டும், குறைகளை வாடிக்கையாளரிடம் சொல்லி அவர் அறிந்துகொண்டதைப் பதிந்து வைக்க வேண்டும், கருவியில் ஒட்ட எச்சரிக்கை ஸ்டிக்கரும் தர வேண்டும். பிரிட்டனில் 2008 செப்டம்பர் முதல் பொதுத் தொலைபேசிகளுக்கு அழைக்க வசதி தரும் இணையச் சேவைகள் 999, 112 இரண்டையும் தந்தாக வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் தந்த பரிந்துரை, அவசர அழைப்பைக் கட்டாயமாக்கவில்லை. குறைகளை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கூறியது.

ஒப்பந்தத்தின் நடுவே பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பத்தி இப்படி வந்ததுதான். பெட்டியோடு ஸ்டிக்கர் வந்தால் கிழித்துப் போடாமல் போனில் ஒட்டுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கும் இந்தப் பக்கத்தில் உள்ளது எதுவும் தெரிந்திருக்காது.

செல்போன் சிக்னலே இல்லாத இடம். இணையத் தொலைபேசி ஒண்ணுதான் இருக்கு. அதுலதான் கூப்பிட்டாகணும்னா எப்படிப் பேசணும்?

எடுத்தவுடன் ஊர், தெரு, கதவு எண். என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகு. லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும் என்று எண்ணிக்கொண்டு பேசுங்கள். முகவரி போய்ச் சேர்ந்திருந்தால் பாதி வார்த்தையில் நின்றாலும் வண்டி கிளம்பும். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும் என்பதால், அதை ஒரு தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அடுத்து, இணையத் தொலைபேசியிலிருந்து அழைக்கிறேன் என்று சொல்லுங்கள். தன் திரையில் தெரியும் முகவரியை நம்பாமல் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியும். திரும்ப அழைக்க வேண்டிய நம்பரைச் சொல்லுங்கள். அவர் படித்துக் காட்டும் முகவரி தவறாக இருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். வேறு ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டதாகத் தெரிந்தால் வைத்துவிடாதீர்கள், உங்கள் ஊரைச் சொல்லி மாற்றிவிடச் சொல்லுங்கள். அதற்குள் வீட்டில் இருக்கும் இன்னொருவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத் தெருவில் போய் நிற்கட்டும். போதும், வையுங்கள் என்று அவர்கள் சொல்லும் வரை நீங்கள் வைக்காதீர்கள்.